மணவாக்குப் புதுப்பித்தல்: கல்முனைக் கரையோர வழக்குகளை முன்னிட்டு ஒரு விளக்கம்

மக்கள் வாழ்வில் நிகழும் சடங்குகள் அனைத்தினும் திருமணமே வாக்கை அடிப்படையாகக் கொண்டது. பிறப்பும் இறப்பும் வாக்கின்றியே நிகழ்வன. திருமணமோ, ஒருவர் ஒன்று சொல்ல, மற்றொருவர் அதனை ஏற்க, வேறு சிலர் அதனைக் கேட்டு நிற்க நிறைவுறுவது. ஆதிக்காலத்து மக்கள் இத்தகைய சடங்கின்றியே கூடி வாழ்ந்தனர் என்றும், ஒருவர் தாம் செய்ததை மறைத்தலும் மறுத்தலும் உலகில் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச்சடங்கினை வகுத்தனர் என்றும் தொல்காப்பியப் பொருளதிகாரத்துக் கற்பியல் உணர்த்துகின்றது. சடங்கு தோன்றியமைக்குக் காரணம் அழகுணர்ச்சியன்று, வாக்குப் பிறழ்ச்சியே என்பது அவ்வாசிரியர் துணிபு. இக்கருத்தை மனத்திற் கொண்டால், ஒருமுறை கொடுத்த மணவாக்கை ஆண்டுகள் பல கழிந்தபின் மீண்டும் புதுப்பிக்கும் விழாக்களின் பொருளும் எளிதிற் புலனாகும்.

மேனாடுகளில் மணவாக்குப் புதுப்பிக்கும் விழாக்கள் இந்நாளிற் பெருகி வருகின்றன. அவற்றைக் கண்டு, நம்மவரும் ஆண்டு நிறைவு நாட்களில் மாலை மாற்றியும் மோதிரம் அணிந்தும் மகிழ்கின்றனர். இது நமக்குப் புதியதா, பழையதா? இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஓர் ஊர்த்தொகுதியில் இதற்குரிய நிலை யாது? அவ்விழாவை நடத்த விரும்பும் தம்பதியர் எதனை முதலிற் கருதல் வேண்டும்? இவ்வினாக்களை ஆராய்தற்கு இலங்கையின் கீழைக் கரையிலுள்ள கல்முனைப் பகுதி மிகப் பொருத்தமானது.

ஊரும் உறவும்

அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அதன் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே செல்லும் ஒருவர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் ஊர்களைக் காண்பர். மருதமுனையின் நெசவுத் தறியொலி ஓய்ந்த சிறிது தூரத்திற் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் எதிர்ப்படும். கல்முனைக்குடியிற் கடற்கரைப் பள்ளிவாசலும், சற்றுத் தெற்கே விபுலாநந்த அடிகள் 1892இல் தோன்றிய காரைதீவும் உள்ளன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் இவ்வாறு மாறிமாறி அமைந்த இந்நிலப்பரப்பில், மொழி ஒன்றாக இருப்பதோடு குடும்ப அமைப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே இருத்தல் நோக்கற்பாலது.

இருசாராரிடத்தும் தாய்வழியாக வரும் குடி முறை உண்டு. பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். கோயிலில் வண்ணக்கர் எனவும் பள்ளிவாசலில் மரைக்காயர் எனவும் அறங்காவலர் அமைந்தது பழைய காலத்தில் இக்குடிகளின் சார்பிலேயே யாம். மணமானபின் ஆண்மகன் பெண்வீட்டில் வந்து வாழ்தலும், பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்தலும் இருசாரார்க்கும் பொதுவான வழக்கங்கள். அக்கரைப்பற்றிற் பல்லாண்டு ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே தமது நூலில் இவற்றை விரிவாக எழுதியுள்ளார். முஸ்லிம் திருமணங்களிலும் தாலி கட்டும் வழக்கு இக்கரையில் இருந்து வந்துள்ளது. ஆகவே மணவாழ்வின் புறவடிவத்தில் அயலவர் இருவரும் நெருங்கியவர். மணவாக்கின் தன்மை பற்றிய கொள்கையிலேயே வேறுபட்டவர்.

ஆண்டுதோறும் நிகழும் மணம்

மணத்தை மீண்டும் நிகழ்த்துதல் என்னும் எண்ணம் இக்கரையோர இந்துக்களுக்கு மிகப் பழையது. சிவாலயங்களில் ஆண்டுதோறும் திருக்கல்யாணம் நிகழ்தல் யாவரும் அறிந்ததே. கிழக்கிலங்கைக்குச் சிறப்பாக உரியது கண்ணகை அம்மன் வழிபாடு. காரைதீவு உள்ளிட்ட பல ஊர்களில் வைகாசித் திங்களில் அம்மனுக்குச் சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை பாடப்படும். கல்யாணக்கால் நடப்படும். இறுதியில் அம்மனின் சினந்தணிக்கும் திருக்குளிர்த்தி நடைபெறும்.

இவ்வரிசையின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கண்ணகியின் இல்வாழ்வு வாக்குப் பிறழ்ந்த வாழ்வு. தீவலம் வந்து கைப்பிடித்த கணவன் மாதவியிடஞ் சென்றான், பொருளிழந்து மீண்டான், புதுவாழ்வு தேடி மதுரை புகுந்த இடத்திற் கொலையுண்டான். அங்ஙனம் முறிந்த மணத்திற்குரிய கால் ஆண்டுதோறும் மீண்டும் நடப்படுகின்றது. மணத்தை நினைந்த பின்னரே குளிர்த்தி வருகின்றது. பிழை நிகழ்ந்தது என்பதை மறையாது சொல்லி, அதன் பின்னரே மனங்குளிர்தல் என்னும் ஒழுங்கினை இச்சடங்கிற் காணலாம். மணவாக்கைப் புதுப்பிக்க எண்ணும் மானிடத் தம்பதியர்க்கும் இதனிற் சிறந்த வழிகாட்டல் வேறில்லை.

அறுபதில் மீளும் ஆண்டு

மனிதர்க்கு நிகழும் மறுமணக் கோலமாவது மணிவிழா எனப்படும் சஷ்டியப்த பூர்த்தி. பிரபவ முதல் அக்ஷய ஈறாக ஆண்டுகள் அறுபது. வியாழன் இராசிச் சக்கரத்தை ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும், சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளிலும் சுற்றிவருவன. இவ்விரு எண்களுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு 60. எனவே ஒருவர் பிறந்தபோது இவ்விரு கோள்களும் நின்ற நிலைக்கு அவை மீண்டும் ஏறக்குறைய ஒருங்கே வருவதும், பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருவதும் அறுபது நிறைவிலேயாம். ஒரு பிறவி முடிந்து மறுபிறவி தொடங்குவது போன்ற அந்நிலையில், கலசங்களில் நீர் நிறைத்து மந்திரித்துத் தம்பதியரை நீராட்டி, மாலை மாற்றி, மீண்டும் மங்கலநாண் அணிவிப்பர். எழுபதில் பீமரத சாந்தியும், ஆயிரம் பிறை கண்டபின் சதாபிஷேகமும் நிகழும். ஒரு பிறைத்திங்கள் ஏறத்தாழ 29½ நாளாதலின், ஆயிரம் பிறை 80 ஆண்டும் ஏறத்தாழ 10 திங்களும் ஆகும்.

தமிழகத்துத் திருக்கடையூர் இவ்விழாக்களுக்குப் பெயர்பெற்ற தலம். மார்க்கண்டேயரின் உயிர்காத்து இறைவன் காலனை உதைத்த வீரட்டானம் அது. நீண்ட ஆயுளை நாடுவோர் அங்குச் செல்லுதல் இயல்பே. ஆயின் மணிவிழாவை ஆயுட் சாந்தியாக மட்டுங் கொள்ளுதல் முழுமையாகாது. முதல் மணத்திற் பெற்றோர் முன்னின்றனர். மணமக்கள் பெரியோர் சொல்லியதைச் செய்தனர். மணிவிழாவில் மக்களும் பேரரும் முன்னிற்க, தம்பதியர் தாம் வாழ்ந்து கண்டதற்குத் தாமே சான்றாக அமர்கின்றனர். சாட்சிகளின் தலைமுறை மாறிவிட்டது. முன்னர் நம்பிக்கையின் பேரில் வாழ்த்தியவர்க்குப் பதிலாக, இப்போது வாழ்வினைக் கண்டறிந்தவர் வாழ்த்துகின்றனர்.

கிறித்தவரிடத்தும் இதனை ஒத்த வழக்குண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் 25ஆம், 50ஆம் ஆண்டு நிறைவுகளில் தம்பதியர்க்கு ஆசி வழங்கும் முறை உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையிலும் மணவாழ்வுக்கு நன்றி செலுத்தும் வழிபாடு அமைந்துள்ளது. அங்கும் மணம் புதிதாக உண்டாவதில்லை. முன்னரே உண்டான மணத்துக்காக நன்றி கூறப்படுகின்றது. சட்ட விளைவு யாதும் இவற்றுக்கு இல்லை.

நிக்காஹ் என்னும் ஒப்பந்தம்

இனி, கல்முனை முஸ்லிம்களிடத்து இத்தகைய விழா மரபாக அமையாமைக்குக் காரணம் காண்பாம். இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலார் ஷாஃபி சட்ட மரபினர். அம்மரபில் திருமணம், அதாவது நிக்காஹ், ஓர் ஒப்பந்தம். மணமகளின் பொறுப்பாளராகிய வலீ கொடுக்கும் சொல், மணமகன் ஏற்கும் சொல், இரு சாட்சிகள் ஆகியன அதற்கு இன்றியமையாதவை. மணமகன் மணமகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட மஹர் அதனோடு சேர்ந்து வருவது. திருக்குர்ஆனின் ‘அந்நிஸா’ என்னும் நான்காம் அத்தியாயம், 21ஆம் வசனத்தில், இவ்வுறவை உறுதி மிக்க ஓர் உடன்படிக்கையாகக் குறிப்பிடுகின்றது.

செல்லுபடியான ஒப்பந்தம் ஆண்டு பல கழிந்தமையாற் பழுதடைவதில்லை. பழுதடையாததைப் புதுப்பித்தல் வேண்டா என்பது முதற் காரணம். இரண்டாவது, திருமணம், மணவிலக்கு, விலக்கிய மனைவியை மீட்டுக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் விளையாட்டாகச் சொன்னாலும் மெய்யாகவே கொள்ளப்படும் என்னுங் கருத்துள்ள நபிமொழி ஒன்று உண்டு. ஆகவே மணச்சொற்களை அரங்கில் நடிப்பதுபோற் கூறுதலை மார்க்கம் அறிந்தோர் விரும்பார். மெய்யாகவே புது நிக்காஹ் வேண்டப்படும் இடங்களும் உள. மீட்டுக்கொள்ளத்தக்க மணவிலக்குச் சொல்லிய கணவன், இத்தா எனப்படும் காத்திருப்புக் காலம் முடியுமுன் மனைவியை மீட்டுக்கொண்டால் புது ஒப்பந்தம் வேண்டா. அக்காலம் கடந்துவிடின், புது நிக்காஹும் புது மஹரும் வேண்டும்.

ஜாவாத் தீவு முஸ்லிம்களும் ஷாஃபி மரபினரே. அவரிடையே, வாழ்வில் இடையூறு நேர்ந்த காலத்து நிக்காஹைப் புதுப்பிக்கும் வழக்கு ஒன்றுளது. அதனை அரபியில் தஜ்தீதுன் நிக்காஹ் என்பர். இங்ஙனம் மீண்டும் சொல்லுதலால் முதல் ஒப்பந்தம் குலையுமோ, புது மஹர் வேண்டுமோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. முதல் ஒப்பந்தம் குலையாது என்னும் கருத்தே அவ்வழக்கினர்க்கு ஆதாரமாகின்றது. இக்கருத்து வேற்றுமை இருத்தலானே, உள்ளூர் ஆலிம் ஒருவரை உசாவாது அச்சொற்களை மீட்டுக் கூறுதல் தகாது.

புதுப்பித்தற்குரியது எது?

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டாததாயின், முஸ்லிம் தம்பதியர் விழாவிற் செய்தற்குரியது யாதுமில்லையோ எனின், உண்டு. ஒப்பந்தம் பழுதடையாது, ஆயின் அதன்படி கொடுக்கவேண்டியது கொடுபடாமற் கிடத்தல் கூடும். மணவாக்கு நிறைவேறாத பகுதியே புதுப்பித்தற்குரிய பகுதி.

முதலாவது, மஹர். அந்நிஸா அத்தியாயத்தின் நான்காம் வசனம், பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு கட்டளையிடுகின்றது. அது மனைவியின் சொத்து. அவள் தந்தையினதோ சகோதரரினதோ அன்று. உடனே கொடாது பின்னர்க் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டதாயின், அது கணவன் மீதுள்ள கடன். கொடாது இறப்பானாயின், வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் அவன் விட்ட சொத்திலிருந்து அக்கடன் தீர்க்கப்படல் வேண்டும். எனினும் மணநாளில் ஒரு தொகையை எழுதுவித்து, அதன்பின் அதனை மறந்துவிடுதல் பல குடும்பங்களில் நிகழக்கூடியதே. நாற்பதாண்டுக்கு முன் நூற்றொரு ரூபா என எழுதப்பட்டிருப்பின், இன்று அத்தொகையின் பெறுமதி யாது என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

எழுதப்பட்ட தொகைக்கு மேலும் கொடுக்கலாமோ எனின், அதே அத்தியாயத்தின் 24ஆம் வசனம், மஹர் குறிக்கப்பட்ட பின்னர் இருவரும் மனமொத்துச் செய்துகொள்வதிற் குற்றமில்லை என்று இடமளிக்கின்றது. பின்னர்ச் சேர்க்கப்படும் தொகை ஹனஃபி மரபில் மஹரோடு சேர்வது. ஷாஃபி மரபில் நன்கொடையாகக் கொள்ளப்படுவது. நன்கொடையோ கையில் ஒப்படைத்தாலன்றி நிறைவுறாது. எனவே விழாவிற் பெருந்தொகையை வாயாற் கூறிக் கைதட்டல் பெறுதலாற் பயனில்லை; சிறு தொகையாயினும் மனைவியின் கையிற் சேர்த்தலே செயலாகும்.

இரண்டாவது, கைக்கூலி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இச்சொல்லுக்குப் பொருள் வகுத்தது. மணத்திற்கு முன்னரோ மணநேரத்திலோ, பெண்ணின் உறவினராலோ பிறராலோ, *பெண்ணின் பயன்பாட்டிற்காக* மணமகனிடம் கொடுக்கப்பட்ட அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. அஃதாவது, மணமகன் அதற்கு உரிமையாளன் அல்லன், காப்பாளன் போல்வன். ஊர்வழக்கிலோ அது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் விலையெனக் கருதப்பட்டுச் செலவாகிவிடுகின்றது. சட்டத்தின் பொருளும் வழக்கின் பொருளும் இங்ஙனம் முரண்படுவதை ஆண்டு நிறைவு விழாவிலேனும் நினைவுகூர்தல் நன்று.

மூன்றாவது, பெண்ணின் குரல். இலங்கை முஸ்லிம்களுக்கு 1806ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தொகுப்பு ஏற்பட்டு, 1852இல் நாடு முழுதுக்கும் உரியதாயிற்று. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் காதிமாரை ஏற்படுத்தியது. அதன் பின்னரே மேற்கூறிய 1951ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. அச்சட்டம் இயற்றப்பட்ட வடிவில், மணப்பதிவுக்கு மணமகனின் கையொப்பமும் வலீயின் கையொப்பமும் வேண்டப்பட்டன. மணமகளின் கையொப்பம் வேண்டப்படவில்லை. பொதுச் சட்டமாகிய 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மணம் பதியும் இந்து மணமகளோ தன் கையாலேயே கையொப்பமிடுகின்றாள். அயல்வீட்டுப் பெண்கள் இருவருள், ஒருத்தி தன் மணப்பத்திரத்திற் பெயரெழுதியவள், மற்றொருத்தி எழுதாதவள். முஸ்லிம் சட்டத்தைத் திருத்துதல் பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கையளித்தபோது, பெண்ணின் சம்மதமும் கையொப்பமும் வாதத்துக்குரிய பொருள்களுள் ஒன்றாயிருந்தன.

சட்டம் எவ்வாறாயினும் ஆகுக. இருபதாண்டோ நாற்பதாண்டோ வாழ்ந்த மனைவி, தன் மஹரைப் பெற்றதற்கோ, பெறவேண்டியிருப்பதற்கோ தானே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுதலை எச்சட்டமும் தடுக்கவில்லை. முதல் நாளில் அவளுக்காக வலீ பேசினார். இரண்டாம் நாளில் அவளே பேசலாம்.

வீடு யாருடையது?

கல்முனைக் கரையில் மணவாக்கோடு பிரிக்கமுடியாது இணைந்த மற்றொரு பொருள் வீடு. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கினால், கணவனால் இடருறும் காலத்தும் பெண் வீதியில் நிற்கும் நிலை பெரும்பாலும் நேர்ந்ததில்லை. தாயும் மகளும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்தமையின், அவளுக்குத் துணையும் அருகிலேயே இருந்தது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிரிழப்புக்குள்ளானது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்களின் கடற்கரைப் பகுதிகள் அழிந்தன. வீட்டோடு உறுதிகளும் மணப்பதிவுத் தாள்களும் அலையிற் சென்றன. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என முதலில் வரையறுக்கப்பட்டு, அவ்வரையறை பின்னர்த் தளர்த்தப்பட்டது. மாற்று நிலத்தில் வீடுகள் எழுந்தபோது, குடும்பத் தலைவர் என்ற முறையிற் கணவனின் பெயரிலேயே அவை வழங்கப்படும் போக்கினை ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். சீதனமாகப் பெண்ணுக்கிருந்த வீடு நீரில் மறைந்து, ஆணுக்குரிய வீடாகக் கரையேறிற்று என்று இதனைச் சொல்லலாம். தீய எண்ணம் யாருக்கும் இல்லாமலே, படிவத்தின் ஒரு கட்டத்தினால் நேர்ந்த மாற்றம் இது.

இத்தகைய வீட்டில் வாழும் கணவன், தன் ஆண்டு நிறைவு நாளில் மனைவிக்கு அளிக்கக்கூடிய பரிசில்களுள் அவ்வீட்டின் உரிமையை ஒத்தது பிறிதில்லை. அதற்கு முறையும் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அசையாச் சொத்தின் உரிமைமாற்றம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடப்படல் வேண்டும். அரச காணி அனுமதிப்பத்திரத்தின் கீழ் உள்ள வீடாயின், நினைத்தவாறு மாற்ற இயலாது. பிரதேச செயலகத்தில் முதலில் உசாவி, அனுமதி பெறல் வேண்டும். நிக்காஹுக்கும் இரு சாட்சிகள், உறுதிக்கும் இரு சாட்சிகள் என்னும் ஒற்றுமை ஈண்டுக் கருதத்தக்கது.

விழாவை அமைக்கும் முறை

மேற்கூறியவற்றால், விழா எடுக்க விரும்பும் தம்பதியர் கருதவேண்டியவை தெளிவாகும். முதலில் நாள். இந்துக்களாயின் அறுபதாம் ஆண்டு நிறைவில் வரும் பிறந்த நட்சத்திர நாளைக் குருக்களிடம் கேட்டறிவர். முஸ்லிம்களுக்கு அத்தகைய கட்டாய நாள் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நாளே வாய்ப்பான நாளாம்.

இரண்டாவது, விழாவுக்கு ஒரு திங்களுக்கு முன்னரேனும் தம்பதியர் இருவரும் தனித்திருந்து பழைய தாள்களை எடுத்து நோக்குதல் வேண்டும். மணப்பதிவு, மஹர்த் தொகை, வீட்டுறுதி, விற்ற நகை, அடகில் மீளாத நகை ஆகிய யாவும் அப்போது வெளிப்படும். பதிவுத் தாள் தொலைந்திருப்பின், படி பெறுதற்கு உரிய அலுவலகத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். இந்துத் தம்பதியர்க்கும் இது பொருந்தும். மனைவியின் தாலிக்கொடி பிள்ளையின் படிப்புக்காக விற்கப்பட்டிருப்பின், மணிவிழாவில் அணிவிக்கும் மங்கலநாண் புதுப்பொன்னாயினும் பழங்கடனே என்பதைக் கணவன் உணர்தல் தகும்.

மூன்றாவது, சாட்சிகள். முதல் மணத்தில் நின்ற சாட்சிகளுள் உயிரோடிருப்பவரைத் தேடி அழைத்தல் மிகச் சிறப்பு. மூத்தவாப்பா இருந்த இடத்திற் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். அயலூர்த் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் விழாவுக்கு மற்றவரை அழைத்தல் இக்கரையின் பழைய பண்பு. போர்க்காலத்தில் அப்பண்பு நலிவுற்றமை மறைத்தற்குரியதன்று. விழாவொன்றின் அழைப்பினால் அது மீளுமாயின், அதுவும் ஒரு வாக்குப் புதுப்பித்தலேயாம்.

நான்காவது, சொல். முஸ்லிம் விழாவில் மணச்சொற்களை மீட்டுக் கூறாது, குர்ஆன் ஓதி, துஆச் செய்து, இல்லறக் கடமை பற்றி மௌலவி ஒருவர் சிறிது உரைத்தல் போதும். அதன்பின் கணவன் தான் கொடுத்ததையும் கொடாததையும் கூறி, கொடாததை அவையறிய ஒப்படைக்கலாம். அவைக்கு முன் கூற நாணுவாராயின், வீட்டினுள் மனைவியிடமும் மக்களிடமும் கூறலாம். அங்ஙனம் பெற்றபின் மனைவி அதில் ஒரு பங்கைத் தானே மனமுவந்து விட்டுக்கொடுப்பாளாயின், அதற்கும் அந்நிஸாவின் நான்காம் வசனமே இடமளிக்கின்றது. ஆயின் கொடுக்குமுன் விட்டுக்கொடுக்குமாறு கேட்டல் முறையன்று. பலர் கூடிய அவையில் இருக்கும் பெண் மறுத்துக் கூற இயலாதவளாதலின், அவ்விடத்துப் பெறும் சம்மதம் மனமுவந்த சம்மதமாகாது.

ஐந்தாவது, விருந்து. சோறும் கறியும் வட்டிலப்பமும் குறைவின்றி இருத்தல் நன்றே. எனினும், மஹர் பாக்கியிருக்க மண்டபத்திற்கும் மின்விளக்கிற்கும் கடன்படுதல் பொருத்தமற்றது. முன்னைக் கடனைத் தீர்த்தபின் எஞ்சுவதே விருந்துக்குரிய பொருள்.

மறுப்பும் விடையும்

இத்தகைய விழா மார்க்கத்திற் புதுமை என்றும், பிற சமயத்தாரைப் பின்பற்றுதல் என்றும் கல்முனைப் பகுதியிற் சிலர் கூறக்கூடும். அம்மறுப்பினைப் புறக்கணித்தல் ஆகாது. ஆயின் கடனைக் கொடுத்தல் புதுமையன்று, கட்டளை. உறவினர்க்கு உணவிடுதலும் புதுமையன்று. விழா என்னும் பெயரே இடையூறாயின், பெயரை நீக்கிவிட்டுச் செயலைக் கொள்ளலாம். இந்துக்களிடத்தும் மணிவிழா மலரும் பொன்னாடையும் புகழுரையுமாகிப் பெருஞ்செலவாதல் கண்டு வருந்துவோர் உளர். அவர்க்கும் விடை இதுவே. கலசநீர் தலையிற் படுமுன் மனத்திற் படவேண்டியது வேறொன்று உண்டு.

வாக்குப் பிறழ்ந்தமையாற் சடங்கு தோன்றிற்று என்பது தொல்காப்பியர் காட்டிய வரலாறு. அச்சடங்கே காலப்போக்கில் வாக்கை மறக்கச் செய்யும் அலங்காரமாகவும் ஆகிவிடுதல் உண்டு. அப்போது வேண்டப்படுவது பின்னும் ஓர் அலங்காரம் அன்று. முதல் நாளிற் சொல்லப்பட்டதை எடுத்து வாசித்துப் பார்த்தலே. காரைதீவிற் கல்யாணக்கால் நடுவோரும், கல்முனைக்குடியில் நிக்காஹ் எழுதுவோரும் தத்தம் வழியில் ஒன்றனையே காக்கின்றனர். ஒருவர் கொடுத்த சொல்லை மற்றொருவர் நம்பி வாழ்ந்தார் என்பதே அது. அந்நம்பிக்கைக்குரிய விலையைக் கணக்கிட்டுக் கொடுத்து, கொடுக்க இயலாததற்கு மன்னிப்பும் வேண்டி நிற்கும் தம்பதியர், மாலை மாற்றினும் மாற்றாவிடினும், தம் மணவாக்கைப் புதுப்பித்தவரே ஆவர்.